பத்து எண்ணும் வரை

"அம்மா, ரெண்டாவது தடவையும் விதை வெந்துபோச்சு."

சொன்னவர் ஐயாறப்பர். வயது ஐம்பத்தெட்டு. கேட்டுக்கொண்டிருந்த குரு பொன்னாட்சியம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

அவர்கள் இருந்தது பனிமலை மடம். வருஷத்தில் நாலு மாதம் வெளியே மண்ணே கண்ணில் படாது. அந்த நாலு மாதமும் மடத்தின் கண்ணாடிக் குடிலுக்குள் மட்டும் கீரை தளதளவென்று நிற்கும்.

குதிரைச் சாணத்தையும் ஈர வைக்கோலையும் இடுப்புயரத்துக்கு மிதித்து அடுக்கி, மேலே ஒரு சாண் மண் பரப்பினால் போதும். பாத்தி தானாகச் சூடேறும். முதல் கொதிப்பு அடங்கியதும் விதைக்க வேண்டும்.

முதல் கூடைக் கீரை கீழூரில் பிள்ளை பெற்றவர்களுக்குப் போகும். ஒரு வருஷமும் தவறியதில்லை. அதில் அந்த மலைக்கே பெருமை.

இந்த வருஷம் பாத்தி ஐயாறப்பர் பொறுப்பு. கீழூரில் மூன்று வீட்டில் குழந்தை பிறந்திருந்தது. மிச்சம் இருந்ததோ ஒரே ஒரு பிடி விதை. அது அம்மையின் முந்தானை முடிச்சில் இருந்தது.

சமையல்கார மாணிக்கம் போகிறபோக்கில், "சாமி கீரை விதைக்கல, கடுகு தாளிக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அம்மை சிரிக்கவில்லை. சூடு பார்த்துத்தான் விதைத்தீர்களா என்று கேட்டாள்.

பார்த்தாராம். மடத்து வழக்கப்படி மண்ணுக்குள் கையை விட்டுப் பத்து எண்ணினாராம். கை தாங்கியதாம். பத்தென்ன, நூறுகூடத் தன்னால் முடியும் என்றும் சேர்த்துக்கொண்டார். ஒற்றை வேட்டியோடு நாற்பது நாள் பனியில் உட்கார்ந்து தவம் செய்தவர் அவர்.

"எங்கே, இப்போ வைங்க."

மூன்றாவது தடவையாக அடுக்கி வைத்திருந்த பாத்தியில் கையை இறக்கினார். நிதானமாக எண்ணினார். நூறில் எடுத்தார். உள்ளங்கை செக்கச்செவேலென்று இருந்தது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

அம்மை அதே குழியில் தன் கையை விட்டாள். மூன்று எண்ணுவதற்குள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"சுடுது" என்றாள், விரல்களை ஊதிக்கொண்டே.

ஐயாறப்பர் திகைத்துப்போனார். குருவையே மிஞ்சிவிட்டோமோ என்றுகூட ஒரு நொடி தோன்றியிருக்கும்போல.

"அம்மா, உங்களால மூணு எண்ண முடியலையா?"

"உங்களுக்கு நாப்பது நாள் தவம் இருக்கு சாமி. விதைக்கு என்ன இருக்கு?"

அவர் சிவந்திருந்த தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

மறுநாள் போய்க் கையை விட்டார். அறுபதில் எடுத்தார். அடுத்த நாள் முப்பது. அதற்கடுத்த நாள் பதினைந்து.

பாத்தி நாளுக்கு நாள் ஆறிக்கொண்டுதான் வந்தது. அவர் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வந்தது.

நாலாம் நாள் நேராக அம்மையிடம் வந்து நின்றார்.

"இன்னைக்கு ஏழுலயே எடுத்துட்டேன் அம்மா. சுடுது."

நூறு எண்ணிய அன்றுகூட அவர் குரலில் இவ்வளவு மிடுக்கு இல்லை.

அம்மை முடிச்சை அவிழ்த்தாள். விதை மொத்தத்தையும் அவர் கையில் கொட்டினாள்.

"இன்னும் சூடு ஆறலையே அம்மா."

"தெரியும். அது உங்க கைக்கும் தெரிஞ்சிடுச்சு, அதான் குடுக்கிறேன்."