கீரி கண்ட நகரம்

மாறங்கோட்டை என்ற பழைய நகரத்தின் மதில் சுவருக்கு வெளியே ஒரு முள்காடு. அந்தக் காட்டின் நடுவே ஒரு குளம். அதில் ஆமைகள் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தன.

அந்தக் கோடையில் மழை பொய்த்தது. குளம் வற்றி, சேறு மட்டும் மிஞ்சியது. மேலே பருந்துகள் வட்டமிடத் தொடங்கின. குட்டி ஆமைகள் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு நடுங்கின.

கிழட்டு ஆமை மயிலைக் கூப்பிட்டது.

"மயிலண்ணே, நீங்க தினமும் நகரத்துக்குப் பறந்து போறவர். அங்கே எங்களுக்கு ஒரு குளம் பார்த்துச் சொல்லுங்களேன்!"

மயில் கழுத்தை நிமிர்த்தியது.

"அந்த நகரத்தில் எனக்குத் தெரியாத இடமா? இதோ, போயிட்டு வந்துடறேன்!"

உச்சி வெயிலுக்குள் மயில் திரும்பி வந்தது.

"எல்லா இடமும் பார்த்துட்டேன். பெரிய கோயில் தெப்பக்குளத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுறாங்க. அரண்மனைக் குளத்தில் வெறும் பிளாஸ்டிக் பாட்டில்தான் கிடக்கு. மாறங்கோட்டையில் சொட்டுத் தண்ணி இல்லை!"

ஆமைகள் விம்மின. புதருக்குள் படுத்திருந்த கீரி மட்டும் தலையைத் தூக்கியது.

"அண்ணே, எங்கெங்கே போனீங்க?"

"சுற்றிப் பார்க்க வர்றவங்க எல்லாரும் போற இடத்துக்குத்தான்!"

"அந்த ஊர்க்காரங்க தண்ணிக்கு எங்கே போறாங்க?"

மயில் விழித்தது. "அது எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்போ நான் போய்ப் பார்க்கிறேன்" என்று கீரி கிளம்பியது.

"உன்னால் பறக்க முடியுமா? கோபுரத்து உச்சியில் நின்று பார்க்க முடியுமா?" என்று மயில் சிரித்தது.

"முடியாது. அதனால்தான் தெருத்தெருவாக நடக்கப் போறேன்!"

கீரி கோட்டை வாசலில் நுழைந்தது. பெரிய கோயிலின் முன்னால் சுற்றுலா பஸ்கள் வரிசையாக நின்றன. அங்கே அது நிற்கவில்லை. பக்கத்துச் சந்துக்குள் புகுந்தது. அந்தச் சந்து இன்னொரு சந்தில் போய் முடிந்தது. அங்கே சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்த ஓர் ஆடு நிமிர்ந்து பார்த்தது.

"வெளியூரா? கோபுரம் அந்தப் பக்கம்!"

"கோபுரம் பார்க்க வரலை, அக்கா. இது என்ன தெரு?"

ஆட்டுக்கு ஆச்சரியம். இதுவரை யாரும் அதனிடம் அப்படிக் கேட்டதில்லை.

"சாயக்காரத் தெரு! பார், நூலையெல்லாம் சாயம் தோய்த்து மூங்கிலில் காயப் போட்டிருக்காங்க. இந்த ஊர்ச் சேலையின் சிவப்பே தனி! நான் ஒருதடவை நக்கிப் பார்த்தேன், மூணு நாள் நாக்கு சிவந்து கிடந்தது!"

கீரி மூங்கிலை அண்ணாந்து பார்த்தது. சிவப்பு நூலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீரியின் மூக்கு துடித்தது.

"அக்கா, இதை அலச எங்கேயிருந்து தண்ணி எடுக்கிறாங்க?"

ஆடு பதில் சொல்வதற்குள் தெருக்கோடியில் மேளம் கொட்டியது. குலவைச் சத்தம் கேட்டது. பெண்கள் தலையில் முளைப்பாரி சுமந்து வரிசையாக வந்தார்கள். பசேலென்ற பயிர்கள் காற்றில் ஆடின.

"அம்மன் திருவிழா! முளைப்பாரியைக் கரைக்கப் போறாங்க. வா, வா, பின்னாடியே போகலாம். பார்க்காமல் போனால் நீ இந்த ஊருக்கு வந்ததே வீண்!" என்று ஆடு துள்ளியது.

"கரைக்கணும்னா தண்ணி வேணுமே!" என்று கீரி கூவியது.

இரண்டும் ஊர்வலத்தின் பின்னால் ஓடின. ஒரு குறுகிய கல்வாசல். அதற்குள்ளே வேப்ப மரம். மரத்தடியில் சின்ன அம்மன் கோயில். கோயிலின் பின்னால் படிக்கட்டுகள் இறங்கின. படிகளின் முடிவில், வேப்பங்கிளைகள் மூடிய நிழலுக்கடியில், பச்சை நிறத்தில் ஒரு குளம் நிறைந்து கிடந்தது!

"அடேயப்பா!" என்றது கீரி.

"ஊற்றுத் தண்ணி. எங்க தெரு ஆட்கள் வருஷா வருஷம் தூர் வாருவாங்க, வற்றவே விட மாட்டாங்க. மழைக்காலத்தில் காட்டுத் தண்ணியும் அதோ, அந்த மதகு வழியா வந்து சேரும்" என்று ஆடு பெருமையாகச் சொன்னது.

"காட்டுத் தண்ணியா? எந்தக் காடு?"

"மதிலுக்கு வெளியே ஒரு முள்காடு இருக்காமே, அதுதான்!"

கீரி ஒரே பாய்ச்சலில் மதகுக்குள் நுழைந்தது. உள்ளே கல் பாவிய கால்வாய், காய்ந்து கிடந்தது. அது போய்க்கொண்டே இருந்தது. மழை இல்லாத கோடையில் மண் சரிந்து அதன் கடைசியை அடைத்திருந்தது. கீரி நகம் தேயத் தோண்டியது. திடீரென்று வெளிச்சம்! வெளியே தலையை நீட்டிப் பார்த்தால், எதிரே தன் சொந்தக் குளக்கரை!

"கிடைச்சாச்சு! எல்லாரும் வாங்க!" என்று அது கத்தியது.

ஆமைகள் கரையேறின. அதைக் கண்ட பருந்துகள் சர்ரென்று கீழே இறங்கின. குட்டி ஆமைகள் அலறின.

மயிலுக்குப் பொறுக்கவில்லை. அது ஓடி வந்து குட்டிகளின் மேல் தோகையை விரித்து நின்றது. "என்னைத் தாண்டித் தொடுங்கடா, பார்க்கலாம்!" என்று அகவியது. பருந்துகள் கொத்திய கொத்தில் இறகுகள் பறந்தன. கடைசிக் குட்டி கால்வாய்க்குள் நுழையும் வரை மயில் அசையவில்லை. பருந்துகள் வெறுங்காலோடு திரும்பின!

கீரி முன்னால் நடக்க, ஆமைகள் இருட்டில் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. மதகின் மறுமுனையில் தண்ணீர் பளபளத்தது. தொப்! தொப்! தொப்! பெரியவை, சின்னவை, எல்லாமே குளத்தில் குதித்தன. கிழட்டு ஆமை நாலு காலையும் நீட்டி மிதந்தபடி சிரித்தது.

"ஏய், ஆமை வந்திருக்கு பாருங்கடி!" என்று படியில் நின்ற பெண்கள் குதூகலித்தார்கள். பொரியை அள்ளித் தண்ணீரில் தூவினார்கள். மறுபடியும் குலவை எழுந்தது.

மதில் மேல் பறந்து வந்து மயில் அமர்ந்தது. தோகையில் பாதிதான் மிச்சம். ஆனாலும் கழுத்து நிமிர்ந்தே இருந்தது.

"கீரி, இத்தனை நாள் இதன் மேலேதான் பறந்திருக்கேன். ஒருநாளும் பார்த்ததில்லையே! இன்னும் என்னென்ன இருக்கு இந்த ஊரில்?"

"எனக்கென்ன தெரியும், அண்ணே? ஆட்டக்காவைக் கேளுங்க!"

ஆடு தாடியை ஆட்டியது. "முதலில் கீழே இறங்குங்க, மயிலாரே. நடந்து போனால்தான் காட்டுவேன்!"

மயில் இறங்கி நடந்தது.

பேர்பெற்ற இடங்களை மட்டும் பார்த்துத் திரும்புகிறவனுக்கு ஊர் தெரியாது; அங்கே வாழ்கிறவர்களோடு பேசிப் பழகுகிறவனுக்கே ஊர் தன்னைக் காட்டும்.