மாஸ்டரின் பெல்ட்

"பெயில்" என்று மட்டும் சொன்னார் அல்போன்ஸ் மாஸ்டர். போன முறையும் இதே சொல்தான்.

பூங்குழலிக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? துணிச் சிறகான பாராகிளைடரில் தனியாகப் பறப்பதில் அந்த மலையிலேயே அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் பாசஞ்சரை முன்னால் மாட்டிக்கொண்டு பறக்க மாஸ்டர் பாஸ் போட வேண்டும். பரீட்சையில் அவரேதான் பாசஞ்சர். இரண்டு முறையும் கிளைடர் அழகாக எழுந்து தலைக்கு மேல் நின்றது. ஓடக் கால் எடுத்தபோது "இறக்கு" என்றுவிட்டார். இன்னும் ஒரு வாய்ப்புதான் பாக்கி. அதுவும் போனால், விட்டுவந்த தையல் மெஷினுக்கே திரும்ப வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் நேராகவே கேட்டுவிட்டாள்.

"நான் என்ன தப்பு பண்றேன் மாஸ்டர்?"

"கிளம்புறதுக்கு முன்னாடி என் காலைத் தொட்டுக் கும்பிடுறே. அப்ப ஏம்மா கண்ணை மூடிக்கிறே?"

"மரியாதைதான் மாஸ்டர்."

அவர் சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போய்விட்டார். கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. மனுஷன் எப்போதுமே இப்படித்தான்.

மறுநாள் காலை, அந்தக் கடைசிப் பரீட்சையைப் பார்க்கக் கூடப் படித்தவர்கள் எல்லாரும் சரிவில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். காற்று எதிரேயிருந்து ஒரே சீராக வந்தது. அப்படிக் காற்று அமைவதே அபூர்வம். பூங்குழலி கிளைடரை விரித்துப்போட்டு, கயிறுகளில் சிக்கல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு வழக்கம்போல மாஸ்டர் காலடியில் குனிந்தாள். இந்த முறை கண்ணை மூடவில்லை.

அவரை இருக்கையோடு கட்டும் இடது தொடை பெல்ட் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்படியே பறந்தால் மனுஷன் நழுவி விழ வேண்டியதுதான். போன இரண்டு முறையும் இது இப்படித்தான் தொங்கியிருக்கும். இத்தனை வருஷம் பறந்தவரின் பெல்ட்டை நாம் இழுத்துப் பார்ப்பதா என்று அவள் ஒருநாளும் அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை.

"என்ன யோசனை? நல்ல காத்து போயிடும், கிளம்பு" என்றார் மாஸ்டர்.

"முடியாது. அசையாம நில்லுங்க."

உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அவள் இடது தொடை பெல்ட்டை மாட்டி இழுத்துப் பார்த்தாள். வலது தொடை, மார்பு, ஹெல்மெட் வார் எல்லாவற்றையும் அதேபோல் இழுத்துப் பார்த்தாள்.

"எனக்கே பெல்ட் மாட்டுறியா? நான் யாருன்னு தெரியும்ல?"

"பாசஞ்சர்" என்றாள். "ஓடுன்னு சொன்னா ஓடணும். கால் தரையை விடுற வரைக்கும் உட்காரக் கூடாது."

கிளைடர் எழுந்து தலைக்கு மேல் நின்றது. அவள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஓடச் சொன்னாள். மாஸ்டர் ஓடினார், சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளை மாதிரி. தரை போய்விட்டது. பின்னால் விசில் பறந்தது.

கீழே இருந்த ஏரிக்கு மேலே ஒரு வட்டம் அடித்த பிறகுதான் கேட்டாள்.

"மாஸ்டர், நான் பாஸா?"

"அதைப் பாசஞ்சர்கிட்ட எதுக்கும்மா கேக்குறே? ஓட்டு."