சங்குமணல்காரர்கள் சி கார்டு பிடித்த கதை

சங்குமணல் கடற்கரையில் கரைவலை இழுக்கிற ஆட்கள் நாலு பேர். அவர்களுக்கு மூளையே கிடையாது என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அது அபாண்டம். மூளை இருந்தது. நாலு பேருக்கும் சேர்த்து ஒன்று இருந்தது. இன்றைக்கு அது யார் தலையில் இருக்கிறது என்பதில்தான் அவர்களுக்குக் குழப்பம்.

முன்னால் கயிறு பிடிப்பவன் சிலுவை. அவனுக்குப் பின்னால் தொம்மை, அப்புறம் மிக்கேல், கடைசியில் கஸ்பார். கரைவலையை ஒற்றை ஆளாக இழுக்க முடியாது. ஒருவன் கை வைத்தால் நாலு பேரும் கை வைக்க வேண்டும். பத்து வருஷம் இப்படியே பழகிவிட்டதால் அவர்களுக்கு எந்த வேலையையும் தனியாகச் செய்யத் தெரியாமல் போனது. தொம்மைக்குப் பல் வலி வந்தபோது நாலு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்கள்.

சிலுவை தனியாகச் செய்த ஒரே காரியம், ஜெசிந்தாவைக் காதலித்தது. அவள் கோயில் பாடகர் குழுவை நடத்தும் உபால்டு மாஸ்டரின் மகள். “எனக்குச் சம்மதம். எங்க அப்பாகிட்ட கேளுங்க” என்று சொல்லிவிட்டாள். சிலுவை போய்க் கேட்டான். மற்ற மூவரும் கூடவே நின்று கேட்டார்கள்.

மாஸ்டருக்குத் தூத்துக்குடியில் ஒரு இன்ஜினியர் மாப்பிள்ளை கைவசம் இருந்தது. நேரே முடியாது என்று சொல்ல மனம் வராமல், பங்குச் சாமியாரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டார்.

“எங்க வீட்டு மருமகன்னா கிட்டார் தெரியணும்டே. திருவிழா அன்னைக்குக் கோயில் முற்றத்துல ஒரு கிட்டார்ல ஒரு பாட்டு. பாதியில விடாம முடிச்சா பொண்ணைத் தாரேன். முடியலன்னா இன்ஜினியருக்குத்தான்.”

திருவிழாவுக்கு ஆறு வாரம் இருந்தது. மாஸ்டர் தன்னுடைய பழைய கிட்டாரையே கொடுத்து, முதல் பாடத்தையும் நின்ற நிலையில் சொல்லிக் கொடுத்தார்.

“இதுக்குப் பேரு சி கார்டு. முதல் விரல் இங்க, நடுவிரல் இங்க, மோதிர விரல் இங்க. மூணும் ஒண்ணுபோல அமுக்கணும். வலது கை கம்பி மேல ஓடணும், அது ஸ்ட்ரம். அவ்வளவுதான்.” பாடகர் குழு கூப்பிட்டது, போய்விட்டார்.

நால்வரும் கரையேற்றிய வள்ளத்து நிழலில் கிட்டாரை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“மூணு விரல் கேக்காரு” என்றான் தொம்மை.

“நாம நாலு பேரு இருக்கோம்” என்றான் மிக்கேல். “மூணு பேரு ஆளுக்கொரு விரல் குடுத்தா, ஒருத்தன் மிச்சம்.”

“மிச்சம் உள்ளவன் ஸ்ட்ரம் பண்ணட்டும்” என்றான் கஸ்பார். “கணக்குச் சரியா வருதுல்லா?”

“ஒரே ஆளு மூணு விரலையும் வைக்கப்படாதா?” என்று சிலுவை லேசாக இழுத்தான்.

மூவரும் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். “ஒத்த ஆளு இழுத்து எந்த வலை கரை ஏறிச்சுலே?” என்றான் மிக்கேல்.

ஆக, முதல் விரல் தொம்மைக்கு, நடுவிரல் மிக்கேலுக்கு, மோதிர விரல் கஸ்பாருக்கு என்று பிரித்துக் கொடுக்கப்பட்டது. சிலுவைக்கு வலது கை. அவனுடைய இடது கைக்கு ஒரு வேலையும் இல்லாமல் போனதால், அது இடைஞ்சல் பண்ணக் கூடாது என்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

மறுவாரம் மாஸ்டரைக் கடைத்தெருவில் பார்த்தபோது, “எப்பம் மாஸ்டர் தேறுவோம்?” என்று கேட்டார்கள்.

“விரல் நுனி காய்ச்சுப் போகணும்டே. காய்ச்சுப் போச்சுன்னா பாதிக் கிணறு தாண்டின மாதிரி.”

நால்வரும் கையை விரித்துப் பார்த்தார்கள். கயிறு இழுத்து இழுத்துப் பத்து வருஷமாகக் காய்ச்சுப் போன கைகள். அப்படியானால் பத்து வருஷமாகவே தங்களுக்குப் பாதி கிட்டார் தெரிந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லையே என்று தொம்மை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அந்த மகிழ்ச்சியில் அந்த வாரம் முழுக்க கிட்டாரைத் தொடவில்லை.

மூன்றாம் வாரம் மாஸ்டர் கோயில் வாசலிலிருந்து சத்தம் போட்டுச் சொன்னார்: “சி கார்டு கையை விட்டுப் போயிரப்படாது! திங்கும்போதும் நடக்கும்போதும் அதையே பிடிச்சுக்கிட்டுக் கெடக்கணும்!”

அந்த வாரம் விடாமல் பிடித்தார்கள். சந்து பொந்தெல்லாம் நாலு பேரும் ஒரே கிட்டாரில் ஒட்டிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் போனார்கள். டீக்கடையில் ஒருவருக்கொருவர் ஊட்டிவிட்டுக்கொண்டார்கள். சலூனில் கஸ்பாருக்கு முடி வெட்டுகையில் மற்றவர்கள் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். அவனுக்குத் தும்மல் வந்தபோதுதான் நெருக்கடி.

“விரலை எடுக்காமத் தும்முலே!”

“மூக்கை யாரு பிடிக்க?”

“என் கை ஒண்ணு சும்மாத்தான் கெடக்கு” என்றான் சிலுவை. முதல் தடவையாக அவனுடைய இடது கைக்கு ஒரு வேலை கிடைத்தது. தும்மல் முடிந்ததும் மறுபடி பைக்குள் போய்விட்டது.

கரைவலையையும் ஆளுக்கு ஒரு கையால்தான் இழுத்தார்கள். மீன்கள் வலைக்குள் வந்து பார்த்துவிட்டு, அவசரம் ஒன்றும் இல்லாமல் திரும்பிப் போயின.

நாலாம் வாரத்துப் பாடம் ஸ்ட்ரம். “கீழ, கீழ, மேல, மேல, கீழ, மேல” என்று சொன்ன மாஸ்டர், “கை மட்டும் போனாப் பத்தாது, உடம்பு முழுக்கத் தாளத்தோட போகணும்” என்று ஒரு வார்த்தையைக் கூடுதலாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கீழே என்றால் நால்வரும் குந்துவார்கள், மேலே என்றால் எழுந்து நிற்பார்கள். இரண்டு பாட்டு முடிவதற்குள் தொம்மையின் முட்டி கிட்டாரைவிடச் சத்தமாகக் கேட்டது.

சிலுவைக்கு உள்ளூரப் பயம். திருவிழாக் கொடி ஏறிவிட்டது, இன்ஜினியர் வீட்டிலிருந்து ஒரு பெட்டி லட்டு வந்துவிட்டது, இவர்களுக்கோ சி கார்டிலிருந்து இன்னொரு கார்டுக்கு மாறத் தெரியவில்லை. மாறும்போதெல்லாம் மூன்று விரல்களும் மூன்று திசைக்குப் போயின. ஜெசிந்தாவையே தேடிப் போய் யோசனை கேட்டான்.

“அப்பா சொல்லுவாவ, முதல் விரல் நங்கூரம் மாதிரி அசையாமக் கெடக்கணுமாம். மத்த விரல் மாறினாப் போதுமாம்” என்றாள் அவள்.

நங்கூரம் என்றால் இவர்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? வள்ளத்து நங்கூரத்தைத் தூக்கி வந்து மண்ணில் ஊன்றி, தொம்மையின் முதல் விரலில் கயிற்றை இறுக்கிக் கட்டினார்கள். ஜெசிந்தா வந்து பார்த்தாள். கயிற்றை ஒரு தடவை இழுத்தும் பார்த்தாள்.

“இது சின்ன நங்கூரம்லா? காத்து அடிச்சாப் பேந்துராதா? பெரிசு இல்லியா?”

இவ்வளவு கெட்டிக்காரியை இன்ஜினியருக்கு விட்டுக்கொடுப்பதா என்று சிலுவைக்குக் கண் கலங்கிவிட்டது.

திருவிழா வந்தது. முற்றம் நிறைய ஜனம். நாலு பேரும் ஒரு கிட்டாரும் ஒரு பெரிய நங்கூரமும் மேடை ஏறினதைக் கண்டு மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஜெசிந்தா மாதா பாட்டை எடுத்தாள். சிலுவை ஸ்ட்ரம் பண்ணினான். நால்வரும் குந்தினார்கள், எழுந்தார்கள். சி கார்டு சுத்தமாக விழுந்தது. அடுத்து ஏ மைனர் கார்டு, அதற்குக் கஸ்பார் விரல் மட்டும் மாறினால் போதும், மாறினான். அப்புறம் ஜி கார்டு. அதற்கு முதல் விரலும் இடம் மாற வேண்டும். தொம்மையின் விரலோ நங்கூரத்தில் கிடக்கிறது. அதனால் விரலுக்குக் கீழே இருந்த கிட்டாரை நகர்த்தினார்கள். சிலுவை கிட்டாரோடு ஓடி ஓடி ஸ்ட்ரம் பண்ணினான். பாதியில் விடாமல் பாட்டு முடிந்தது. ஊர் எழுந்து நின்று கைதட்டியது.

“சாமி, இது செல்லாது!” என்று மாஸ்டர் கத்தினார். “நாலு பேரு வாசிச்சாவ!”

சாமியார் யோசித்தார். “ஒரு கிட்டார், ஒரு பாட்டுன்னுதான் சொன்னீரு மாஸ்டர். ஒரு ஆளுன்னு சொல்லலியே.”

இன்ஜினியர் வீட்டு லட்டு காலியாகிவிட்டதால் வெறும் பெட்டி திரும்பிப் போனது. ஒரே மாதத்தில் கல்யாணம்.

கோயிலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஜெசிந்தா மோதிரத்தைக் கையில் எடுத்தாள்.

“சிலுவை, மோதிர விரலை நீட்டுப்பா” என்றார் சாமியார்.

சிலுவையின் இடது கை வழக்கம்போலப் பைக்குள் இருந்தது. அவன் திரும்பி, மூன்றாவது பெஞ்சைப் பார்த்தான்.

“கஸ்பாரு, ஒன்னையத்தான் கூப்பிடுதாவ.”

கஸ்பார் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்து, சிலுவையின் தோளுக்கு மேலாக நீட்டினான். ஒருவன் கை வைத்தால் மற்றவர்கள் சும்மா இருக்க முடியுமா? தொம்மையும் மிக்கேலும் தங்கள் தங்கள் விரலோடு வந்து நின்றார்கள். மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஜெசிந்தா கொஞ்சமும் கலங்கவில்லை. “கஸ்பாரண்ணே, விரலை இன்னும் கொஞ்சம் தூக்குங்க” என்று சொல்லி மோதிரத்தை மாட்டினாள். காய்ச்சுப் போன விரல். மோதிரம் நடு முட்டியில் போய் நின்றது, அப்புறம் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

சாமியார் கல்யாணப் பதிவேட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். மணப்பெண்ணுக்கு எதிரே நின்ற நாலு பேரையும் வரிசையாகப் பார்த்தார்.

“இப்பம் இதுல யாரை மாப்பிள்ளைன்னு எழுத?”

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் மிக்கேல்தான் பணிவாகப் பதில் சொன்னான்.

“அந்தப் பாடத்தை மாஸ்டர் இன்னும் எடுக்கல, சாமி.”