அருளப்பனின் பத்து லிட்டர் தொட்டி

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்து நான்கு. கதைகளில் இது தலைகீழாக இருக்கும். என்ன செய்வது, கொளத்தூரில் நடந்தது இப்படித்தான்.

குருவின் பெயர் நிலோஃபர். வண்ணமீன் கடைகள் வரிசையாக நிற்கும் தெருவில், ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் நீர்ச்செடிகள் மட்டும் விற்கிறவர். மீன் கேட்டால் கீழே போகச் சொல்லிவிடுவார். சீடர் அருளப்பன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் இல்லாத அந்த மாடிக்கு மூச்சுவாங்க ஏறி வந்த முதல் நாள், "கடைக்காரர் இல்லையாம்மா?" என்று நிலோஃபரிடமே கேட்டவர். அந்தக் கூச்சத்தை மறைக்கத்தான் அன்றிலிருந்து "குருவே" என்று கூப்பிட ஆரம்பித்தார். கேலிக்குத் தொடங்கிய பெயர், ஒரே மாதத்தில் கேலி போய் ஒட்டிக்கொண்டது.

அருளப்பன் கல்யாணம் செய்துகொள்ளாதவர். தூத்துக்குடியில் இருந்த தங்கை மஞ்சள்காமாலையில் போய்ச் சேர, அவளுடைய மகள் ஜெனோவா இவர் வீட்டுக்கு வந்தாள். பதினான்கு வயது. தகப்பன் எப்போதோ கடலோடு போனவன். வந்த பிள்ளை பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். எதைக் கேட்டாலும் "ம்". சோற்றைக் கிளறிவிட்டு எழுந்துவிடுவாள்.

ஓடாத எதையும் கழற்றிப் பார்ப்பது அருளப்பனின் தொழில். சாயங்காலத்துக்குள் சரிசெய்துவிடுவதுதான் அவர் பெருமை. பிள்ளையிடமும் அப்படித்தான் போனார். சாப்பிட்டியா, தூங்கினியா, மாமா வீடு பிடிச்சிருக்கா என்று நாளைக்குப் பத்துத் தடவை கேட்டார். காற்று வரவில்லையோ என்று அவள் கட்டிலை அறையிலிருந்து கூடத்துக்கு மாற்றினார். வெளிச்சம் கண்ணைக் குத்துமோ என்று திரும்ப அறைக்கு மாற்றினார். ஒன்றும் பலிக்காமல்தான் மீன்தொட்டி வாங்கலாம் என்று தோன்றியது. கடற்கரைப் பிள்ளை, தண்ணீரைப் பார்த்தால் மனசு ஆறும் என்று ஒரு கணக்கு.

பத்து லிட்டர் பிடிக்கும் சின்னக் கண்ணாடித் தொட்டி. அடியில் மண், மேலே பொடிக்கல், ஒரு துண்டு வேர்க்கட்டை, குருவிடம் வாங்கிய மூன்று செடிகள். மீனை எப்போது விடலாம் என்று அருளப்பன் அன்றைக்கே கேட்டார். செடி பிடிக்கட்டும் என்றார் குரு. அவ்வளவுதான் உபதேசம்.

இருபது நாள் கழித்து அருளப்பன் ஒரு பிளாஸ்டிக் பையோடு படியேறி வந்தார். பைக்குள் மூன்று செடிகளும் இருந்தன. இலைகள் வெந்த கீரையாகக் குழைந்து நாறின.

"செத்த செடியக் குடுத்துட்டீங்க குருவே," என்றார்.

குரு பையை வாங்கிப் பார்த்தார்.

அருளப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். செடியைப் பற்றிப் பேச வந்தவர் பேச்சு வேறெங்கோ போனது. ஜெனோவாவைத் தூத்துக்குடியிலேயே ஒரு விடுதியில் சேர்க்க விண்ணப்பம் எழுதிவிட்டதாகச் சொன்னார். அவளுக்கு இந்த வீடு ஆகவில்லை, கண்ணெதிரே கரைகிறாள், தன் கைக்கு எதுவும் வாழாது என்றார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. ஆம்பிளை அழுவதை மறைக்க அந்தக் கடையில் நல்ல இடமும் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடி.

குரு கத்தரிக்கோலை எடுத்தார். குழைந்த இலைகளை ஒவ்வொன்றாக நறுக்கிக் குப்பையில் போட்டார். மிச்சம் ஒவ்வொன்றிலும் விரல் நீளத்துக்கு ஒரு மொட்டைத் தண்டும் கொஞ்சம் வெள்ளை வேரும்தான். அதில் ஒன்றை அருளப்பன் கையில் வைத்தார்.

"வேரை இழுங்கண்ணா."

அருளப்பன் இழுத்தார். நூல் கனம்கூட இல்லை, ஆனால் அறவில்லை.

"நட்டப்புறம் எத்தனை தடவை புடுங்கிப் பாத்தீங்க?"

அருளப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "நாலு தடவை. வேர் புடிச்சிருக்கான்னு பாக்கத்தான். அப்புறம் அந்த மூலையில வெளிச்சம் பத்தலையோன்னு இந்தப் பக்கம் மாத்தினேன்."

"திரும்ப நடுங்க."

"வேர் புடிக்கிற வரைக்கும் நான் சும்மா உக்காந்திருக்கணுமா?"

"யார் சும்மா இருக்கச் சொன்னது? வாரம் ஒருதடவை மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்துங்க. குழாய்த் தண்ணிய ஒருநாள் புடிச்சு வெச்சு ஊத்துங்க. நேரத்துக்கு வெளக்குப் போடுங்க, நேரத்துக்கு அணைங்க. கைய மட்டும் உள்ள விடாதீங்க."

"விடுதிக்கு எழுதினது?"

"நான் செடி விக்கிறவண்ணா," என்றார் குரு.

அருளப்பன் வீட்டுக்குப் போய் மூன்று மொட்டைத் தண்டுகளையும் நட்டார். விண்ணப்பத்தை என்ன செய்வதென்று தெரியாமல் ரெண்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். மூன்றாம் நாள் சட்டையோடு சேர்த்துத் துவைத்துவிட்டார். வேண்டுமென்றே செய்தாரா என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. காலையில் ஆறரைக்குத் தொட்டி விளக்கைப் போடுவார். உலை வைப்பார். பிள்ளைக்குத் தட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து தன் சோற்றைத் தின்பார். சாப்பிட்டியா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வரும். ஒரு கவளத்தைப் போட்டு அதை உள்ளே தள்ளுவார். தொட்டி ஓரம் பச்சைப் பாசி படிந்தது. எங்கிருந்தோ ஒரு நத்தை வந்து சேர்ந்தது. தண்டுகள் மொட்டையாகவே நின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர் மாற்றும்போது ஜெனோவா ஜன்னலை விட்டுவிட்டுக் கொஞ்சநேரம் இந்தப் பக்கம் பார்ப்பாள். அருளப்பன் வாளியைத்தான் பார்ப்பார்.

ஏழாவது வாரம். ஞாயிறு மத்தியானம் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். ஜெனோவா ஒரு வாய் வைத்தாள். பிசைவதை நிறுத்தினாள்.

"மாமா, இதுக்குத் தேங்கா அரச்சு விடலையா?"

"விடணுமா?" என்றார் அருளப்பன்.

"அம்மா விடுவா," என்றாள் பிள்ளை. சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தபடியே அழுதாள். இந்த மூன்று மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டு, சத்தமாக, மூக்கு ஒழுக அழுதாள். அருளப்பன் எழுந்து போகவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. எச்சில் கை காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அப்புறம் அவள் மிச்சச் சோற்றையும் தின்றாள். குழம்பு நன்றாக இல்லை என்றும் சொன்னாள். அந்த மனுஷனுக்கு வாழ்நாளில் யாரும் கொடுக்காத நற்சான்றிதழ் அது.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் இரண்டு மாடியும் ஓடியே ஏறினார். குருவிடம் எல்லாவற்றையும் சொன்னார். தொட்டியில் இலை விட்டிருப்பதையும் சொன்னார். ஆனால் அது கடையில் வாங்கிய செடி மாதிரி இல்லை, ஒல்லியாக, செம்புநிறமாக வேறு என்னவோ முளைக்கிறது என்று ஒரு சின்னக் குறையும் இருந்தது.

பிறகு கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். தூத்துக்குடியில் மாதா கோயில் திருவிழா. பஞ்சுமிட்டாயோடு தாயின் தோளில் சாய்ந்து, பல்லெல்லாம் தெரிய ஜெனோவா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பேசிட்டா குருவே. இனி இப்படி ஆயிடுவாளா?"

குரு படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு அருளப்பனை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். அங்கே வலைப்பந்தலுக்கடியில் தட்டுகளில் ஈரமண்ணில் செடிகள் நின்றன. அகலமான, பளபளப்பான பச்சை இலைகள். அருளப்பன் முதலில் வாங்கிப்போனது அதேதான்.

"இது காத்துல வளந்த இலைண்ணா. தண்ணிக்குள்ள போனா நிக்காது."

கீழே வந்து ஒரு தொட்டியைக் காட்டினார். உள்ளே ஒல்லியாக, செம்புநிறமாக, ஓரம் நெளிந்த இலைகள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன.

"இதுவும் அதே செடியா?"

"அதேதான்."

அருளப்பன் கையில் படம் இன்னும் இருந்தது. "அப்போ அந்த இலை?"

"வராதுண்ணா."

கீழே தெருவில் யாரோ மீன்பைக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

"பின்னே எதுக்காக நான் இத்தனை நாள் காத்திருந்தேன்?"

குரு கண்ணாடிக்கு வெளியே, அந்த ஒல்லி இலைக்கு நேராக, ஒரு விரலை வைத்தார்.

"இதுக்குத்தாண்ணா."