கழுகுமலையிலிருந்து வந்த முடிவு

சித்திரக்கதை எழுதுகிறவனுக்கு முடிவு கிடைக்காவிட்டால் ஓர் இரட்டைப் பிறவியாவது கிடைத்துவிடும். கோமதிநாயகத்துக்கும் அப்படித்தான் கிடைத்தது.

பாளையங்கோட்டையில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருந்தது 'இடிமுழக்கம்' காமிக்ஸ் ஆபீஸ். எஸ்தர் அக்கா அதன் ஆசிரியர். வெளிநாட்டுக் கதைகளை வாங்கித் தமிழாக்கி மாதாமாதம் வெளியிட்டார். நாயகம் அவரிடம் தொழில் கற்றவன். தலையில் நரை விழுந்த பிறகும் அவன் வேலை என்னவோ பலூன் எழுதுவதுதான். பாத்திரங்களின் தலைக்கு மேல் மிதக்கும் பலூனுக்குள் அவர்கள் பேசுவதை அழகான கையெழுத்தில் எழுதவேண்டும். யாரோ பேசுவார்கள், இவன் எழுதுவான்.

இப்போதுதான் முதல் முறையாக அவனே எழுதி அவனே வரைந்த கதை தொடராக வந்துகொண்டிருந்தது. பத்திரிகைக்குப் பணம் போடுகிற முதலாளி ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார். முடிவு வாசகர்களுக்குப் பிடித்தால் அடுத்த தொடரும் நாயகத்துக்கு. பிடிக்காவிட்டால் பழையபடி பலூன்.

கதை இதுதான். பாதி முகத்தைத் துணியால் மூடிய ஒரு திருடன் நகைக்கடைகளைக் கொள்ளையடிக்கிறான். இடது கைக்காரன். சாட்சிகள் தாங்கள் கண்ட பாதி முகத்தைச் சொல்ல, மீதியை ஊகித்துப் போலீஸ் ஓவியர் படம் வரைகிறார். படத்தை வைத்துத் தேடினால் ஆள் அகப்படுவதே இல்லை. கடைசியில் துணியை விலக்கினால், ஊர்ப் பெரிய மனிதரின் இரட்டைச் சகோதரன்.

இந்த முடிவை முன்பு நாயகம் சொன்னபோது எஸ்தர் அக்கா, "இரட்டையா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு வார்த்தை அவன் தொண்டையில் மீன்முள்ளாக மாட்டிக்கொண்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

கடைசிப் பகுதியின் பக்கங்கள் சாயங்கால பஸ்ஸில் சிவகாசிக்கு அச்சுக்குப் போகவேண்டும். நாயகம் அவற்றை அக்காவின் மேஜையில் வைத்துவிட்டு நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

அக்கா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். முடிவுப் பக்கங்கள் புதிதாக வரையப்பட்டிருந்தன. இரட்டைச் சகோதரனைக் காணோம். துணியை விலக்கினால் போலீஸ் ஓவியர் நிற்கிறார். சாட்சிகள் சொல்லச்சொல்ல, மீதிப் பாதியை வேண்டுமென்றே தப்பாக வரைந்தவர் அவர்தான். ஊரில் இருக்கிற முகத்தையெல்லாம் வரைந்தார், தன் முகத்தை மட்டும் வரையவில்லை.

அக்கா கடைசிப் பக்கத்தை இரண்டாம் தடவை பார்த்தார். தமது பத்திரிகையில் இப்படி ஒரு முடிவு வந்ததே இல்லை என்றார். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்க நாயகம் இத்தனை வருஷம் காத்திருந்தான். வாங்கியும் விட்டான். ஆனால் அது அவனுக்கு இனிக்கவில்லை. சட்டைக் காலர் வேர்வையில் நனைந்துவிட்டது.

"எப்படித் தோணிச்சு?" என்று கேட்டார் அக்கா.

"தானாத் தோணிச்சுக்கா."

அக்கா எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பழைய இதழை எடுத்துவந்து அவன் முன்னால் விரித்தார். தொடரின் இரண்டாம் பகுதி. ஒரு கட்டத்தில் போலீஸ் ஓவியர் தனியாக உட்கார்ந்து படம் வரைகிறார். அவர் பென்சில் பிடித்து வருவது கதை முழுக்க அந்த ஒரே கட்டத்தில்தான். பென்சில் இடது கையில் இருந்தது.

"இதுவும் அப்பமே யோசிச்சு வச்சதா?"

தப்பிக்க ஒரு கதவு திறந்திருப்பதாக நாயகத்துக்குத் தோன்றியது.

"ஆமாக்கா. வாசகருக்கு ஒரு துப்பு இருக்கட்டும்னு வச்சேன்."

கீழே மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. மேஜை லேசாக அதிர்ந்தது. அக்கா அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"பென்சில நீ அவரு வலது கையிலதான் வரஞ்சிருந்த. நீ ஒன் தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிருந்தப்போ பக்கத்த ஒட்டுனது நான். இந்த ஒரு பிலிமை மட்டும் புறம் மாத்தி ஒட்டிட்டேன். வலது இடதாயிடுச்சு."

பேச்சில்லாத கட்டம் அது. ஒரு பலூன் இருந்திருந்தால் எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி விழுந்து, அன்றைக்கே தப்பு அகப்பட்டிருக்கும். பலூன் எழுதுகிறவனுக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

"அச்சாகி வந்தப்புறந்தான் பாத்தேன்," என்றார் அக்கா. "ஒனக்கும் சொல்லல. நம்ம வாசகருங்க விடமாட்டாங்களே, யாராவது எழுதுவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"எழுதிட்டாங்க போல."

நாயகம் சட்டைப் பைக்குள் கையை விட்டு ஓர் இன்லேண்ட் லெட்டரை எடுத்து மேஜையில் வைத்தான். தபாலைப் பிரிக்கிற வேலையும் அவனுடையதுதான். கழுகுமலையிலிருந்து இசக்கியம்மாள் என்ற பதினோராம் வகுப்புப் பெண் எழுதியிருந்தாள்.

'ஆசிரியர் அக்காவுக்கு வணக்கம். தயவுசெய்து இரட்டைப் பிறவி என்று முடித்துவிடாதீர்கள். எங்கள் தெருவில் நாலு பேர் சேர்ந்து ஒரு புத்தகம் வாங்குகிறோம். வாங்கச் சொன்னது நான். இரட்டைப் பிறவி வந்தால் மற்ற மூன்று பேரும் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஆனால் நீங்கள் அப்படிச் செய்யமாட்டீர்கள். எனக்குத் தெரிந்துபோயிற்று. போலீஸ் ஓவியர்தானே திருடன்? அவர்தானே தப்புத் தப்பாக வரைந்து எல்லாரையும் சுற்றவிடுகிறார்? இரண்டாம் பகுதியில் அவரும் இடது கை. யாருக்கும் தெரியாமல் எவ்வளவு அழகாக ஒளித்து வைத்திருக்கிறீர்கள்! நான் சொன்னது சரியா என்று மட்டும் எழுதுங்கள்.'

படித்துக்கொண்டே வந்த அக்கா, இரட்டைப் பிறவி வந்த இடத்தில் சிரித்துவிட்டார். நாயகத்துக்கு முகம் சுட்டது. கடிதம் முடிவதற்கு முன்னால் அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் அந்தக் கடிதத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

பிறகு கடைசிப் பகுதியின் முதல் பக்கத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தார். 'கதை, சித்திரம்: கோமதிநாயகம்' என்று இருந்தது. அவனே எழுதியது. அவன் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக வேறெந்த எழுத்தையும் எழுதியதில்லை. அக்கா திருத்தம் போடுகிற வெள்ளைப் பெயிண்ட் பாட்டிலைத் திறந்து பக்கத்தில் வைத்தார். பிரஷ்ஷையும் வைத்தார். எதையும் சுட்டிக் காட்டவில்லை.

நாயகம் பிரஷ்ஷைத் தொடவில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. ஓவியரைக் கதைக்குள் கொண்டுவந்தவன் அவன். கட்டம் கட்டமாக வரைந்தவன் அவன். தப்பாக ஒட்டியது அக்கா. நடுவில் ஒரு பெண் ஒரு கடிதம் எழுதினால் கதை அவளுடையதாகிவிடுமா என்று கேட்டான். இந்தப் பக்கத்தில் இன்னொரு பெயர் வந்தால், சொந்தமாக ஒரு முடிவு எழுதத் துப்பில்லாதவன் என்று முதலாளி தன்னைத் திரும்பப் பலூனுக்கே அனுப்பிவிடுவார் என்றும் சொன்னான்.

பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அக்கா கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

நாயகம் மூச்சு வாங்கிக்கொண்டான். பிறகு தணிந்த குரலில், இரண்டு நாளாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்ததை அவரிடமும் சொன்னான்.

"அந்தப் புள்ளைக்கு இதுல ஒரு நட்டமும் இல்லக்கா. புத்தகம் வந்ததும் பாப்பா. நாம சொன்னது அப்படியே வந்திருக்கேன்னு சந்தோஷந்தான் படுவா."

அக்கா கடிதத்தை அது மடிந்திருந்தபடியே மடித்து அவன் கையில் கொடுத்தார்.

"படுவா," என்றார். "சரியாக் கண்டுபிடிச்சிட்டோம்னு தெரு பூரா சொல்லுவா. அந்த முடிவ எழுதுனதே தான்தான்னு கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாது."