காருக்குள் பல்லி

மில்லில் ஒரு மோட்டார் கெட்டால் கெட்டதுதான். ஆள் வந்து பார்க்கும்வரை அது கெட்டே கிடக்கும். பால்வண்ணத்துக்குப் பழகிய உலகம் அது. வாலிப வயதிலிருந்து மில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். மில்லை மூடியபோது ஐம்பதை நெருங்கிவிட்டார்.

தென்காசியில் செங்கோட்டை ரோட்டோரம் முப்பிடாதி ஒரு ஷெட் வைத்திருந்தார். கார்களின் ஒயரிங் வேலை மட்டும் நடக்கிற ஷெட். பால்வண்ணம் அங்கே தொழில் கற்கச் சேர்ந்தார். முப்பிடாதி அவரைவிட ரொம்பச் சின்னப் பெண். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று விளங்காமல், கொஞ்ச நாள் எதுவுமே சொல்லாமல் சமாளித்தார். பிறகு 'ம்மா' என்று நாக்கு பழகிக்கொண்டது. முப்பிடாதி முதல் நாளே அவரை அண்ணாச்சி என்றுவிட்டார்.

கார்கள்தான் அவருக்குப் பிடிபடவில்லை. ரோட்டில் தகராறு பண்ணும் வண்டி ஷெட்டுக்குள் நுழைந்ததும் ஒன்றும் அறியாத மாதிரி நிற்கும். கெட்டதைச் சரிபண்ண அவருக்குத் தெரியும். கெட்டுக் கெட்டுத் தானே சரியாகிறதை என்ன செய்வது?

அப்படித்தான் தங்கையா சாரின் கார் வந்தது.

தங்கையா ஸ்கூலில் டிராயிங் சாராக இருந்து ரிட்டையர் ஆனவர். பழைய வெள்ளைக் கார். டேஷ்போர்டில் திடீரென்று ஆயில் விளக்கு எரியும். அது அணையும் முன்னே பேட்டரி விளக்கு எரியும். சூட்டைக் காட்டும் முள் உச்சிக்குப் போகும். பதறி நிறுத்தி பானெட்டைத் திறந்தால் எல்லாம் சாதாரணமாக இருக்கும். வேறு ஷெட்களில் ஆயிலை மாற்றினார்கள், பேட்டரியை மாற்றினார்கள். விளக்குகள் மட்டும் மாறவில்லை.

"வண்டியை வித்துரலாமே சார்?" என்றார் பால்வண்ணம்.

தங்கையா காரின் முன்சீட்டைக் காட்டினார். அவர் மனைவி சொர்ணத்தம்மாள் அங்கே மடியில் கைகளைக் கோத்தபடி உட்கார்ந்திருந்தார். நல்ல வெளுப்புச் சேலை, வாரிய தலை. கண்கள் மட்டும் எதையோ தேடிக்கொண்டே இருந்தன.

"அவளுக்கு ஞாபகமெல்லாம் குழம்பிப் போச்சு. வீட்டுக்குள்ள இருந்தா வீட்டுக்குப் போகணும்னு கதவைத் தட்டிட்டே இருக்கா. சாயங்காலம் இதுல ஒரு சுத்து கூட்டிட்டுப் போனா அடங்கிருவா. மகன் ஹைதராபாத்ல இருக்கான். இந்த வண்டியில அம்மாவ ஏத்தாதீங்கங்கான். அங்கன ஏதோ ஒரு முதியோர் இல்லம் பார்த்து வச்சிருக்கானாம். அடுத்த வாரம் வாரான்."

முப்பிடாதி சாவியை வாங்கிப் பால்வண்ணத்திடம் நீட்டினார். "நீங்க பாருங்க அண்ணாச்சி."

அவருக்குத் தனியாகக் கிடைத்த முதல் வண்டி. ஆயில் அழுத்தத்தை அளந்தார், சரி. பேட்டரியை அளந்தார், சரி. ஃப்யூஸ் ஒவ்வொன்றாய்க் கழற்றித் துடைத்து மாட்டினார். குற்றாலம்வரை தனியே ஓட்டிப்போய்த் திரும்பினார். ஒரு விளக்கும் எரியவில்லை.

"நாங்க ரெண்டு பேரும் போகும்போதுதான் சார் வருது" என்றார் தங்கையா.

மறுநாள் அவர் ஓட்ட, சொர்ணத்தம்மாள் பக்கத்தில் இருக்க, பால்வண்ணம் பின்சீட்டில் உட்கார்ந்து டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டு போனார். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் ஆயில் விளக்கு மினுங்கியது. நிறுத்தச் சொல்லி முன்னால் ஓடி வந்தார். அணைந்திருந்தது. மறுபடி கிளம்பினார்கள். பேட்டரி விளக்கு எரிந்தது. நிறுத்தினார்கள். இல்லை.

வழியெல்லாம் சொர்ணத்தம்மாள் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார். தங்கையா ஒவ்வொன்றுக்கும், "ஒண்ணுமில்ல சொர்ணம், சும்மா இரு" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

ஷெட்டுக்குத் திரும்பியபோது, தான் பார்த்தது நிஜமாகவே எரிந்ததா என்று பால்வண்ணத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இந்த வயதில் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கக் கூடாது என்று நினைத்தார்.

தங்கையா அவர் அருகில் வந்து தணிந்த குரலில் சொன்னார்.

"இன்ஜின் நல்லாத்தான இருக்கு? பேசாம அந்த பல்பையெல்லாம் கழட்டி வச்சிருங்க. மகன் வாரப்ப அவன் கண்ணுல படாம இருந்தாப் போதும். அவளை அனுப்பிட்டு நான் எப்படி அந்த வீட்ல இருப்பேன்?"

பால்வண்ணம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

ஆயில் விளக்கின் பல்பு கையில் வந்த நேரம் முப்பிடாதி வெளியிலிருந்து வந்தார். திறந்து கிடந்த டேஷ்போர்டைப் பார்த்தார். பால்வண்ணத்தின் கையிலிருந்த பல்பைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பால்வண்ணத்துக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

"எல்லாம் பொய் சொல்ற விளக்கும்மா" என்றார் பால்வண்ணம். "இதுல எதைன்னு நம்புறது?"

"இன்னிக்கு வண்டியில யார் யார் இருந்தீங்க அண்ணாச்சி?"

"நானும் சாரும்."

"வேற யாரும் இல்லையா?"

"அந்தம்மா இருந்தாங்க."

"அவங்க என்ன சொன்னாங்க?"

பால்வண்ணம் யோசித்தார். ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை. "அவங்க பேச்சு ஒண்ணுக்கொண்ணு சேராதும்மா."

"பல்பை மாட்டுங்க" என்றார் முப்பிடாதி. "ஒரு சுத்து போயிட்டு வருவோம்."

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தங்கையா ஓட்டினார். முப்பிடாதி சொர்ணத்தம்மாளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். பால்வண்ணம் தங்கையாவுக்குப் பின்னால்.

ஊர் எல்லை தாண்டியதும் சொர்ணத்தம்மாள், "மாடு நிக்கி" என்றார்.

"ஒண்ணுமில்ல சொர்ணம்."

"நிறுத்துங்க சார்" என்றார் முப்பிடாதி. "அண்ணாச்சி, இறங்கிப் பாருங்க."

பால்வண்ணத்துக்குப் புரியவில்லை. இறங்கினார். முன்னால் வெறும் ரோடு. இரண்டு பக்கமும் வயல். மாடு ஒன்றையும் காணோம். வந்து ஏறினார்.

"மாடு இல்லம்மா."

முப்பிடாதி முன்னால் சாய்ந்து, "மாடு இல்ல பெரியம்மா, பார்த்தாச்சு" என்றார்.

"சரி" என்றார் சொர்ணத்தம்மாள்.

கொஞ்ச தூரம் போனதும், "கால் நனையுது" என்றார்.

மறுபடி நிறுத்தினார்கள். பால்வண்ணம் கதவைத் திறந்து, குனிந்து, காலடி விரிப்பைக் கையால் தடவிப் பார்த்தார். காய்ந்த மண்தான் கையில் ஒட்டியது. பின்னால் வந்த பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டு ஒதுங்கிப் போனது.

"நனையல பெரியம்மா."

"சரி."

அடுத்தது, "அந்தா ஐயா வாராவ."

எதிரே குடை பிடித்த முதியவர் ஒருவர் நடந்து வந்துகொண்டிருந்தார். பால்வண்ணம் முப்பிடாதியைப் பார்த்தார். விளையாட்டுக்குச் செய்கிற முகமாக இல்லை அது. இறங்கிப் போய் முதியவர் முன் நின்றார். கேட்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை. "யார் வீட்டுக்குப் போகணும்?" என்று முதியவரே கேட்டார். "ஒண்ணுமில்லய்யா" என்று திரும்பி வந்தார். உடம்பெல்லாம் கூசியது. ஒரு பல்பைக் கழற்றியதற்கு இத்தனை தண்டனையா என்று நினைத்தார்.

"உங்க ஐயா இல்ல பெரியம்மா. வேற யாரோ."

சொர்ணத்தம்மாள் தலையாட்டினார். அதற்குப் பிறகு வெகுதூரம் ஒன்றும் பேசவில்லை. ரயில்வே கேட்டின் தண்டவாளங்களில் கார் ஏறி இறங்கியபோது இரண்டு கால்களையும் நீட்டி முன்னால் அழுத்தமாக ஊன்றிக்கொண்டார்.

"பல்லி சொல்லுது" என்றார்.

"காருக்குள்ள ஏது பல்லி? சும்மா..." என்று தொடங்கிய தங்கையா நிறுத்திக்கொண்டார். அதே நேரத்தில் ஆயில் விளக்கு மினுங்கியது.

"ஓரமா நிறுத்துங்க. இன்ஜினை அணைக்காதீங்க" என்றார் முப்பிடாதி. "பெரியம்மா, நீங்க அப்படியே இருங்க, அசையாதீங்க. அண்ணாச்சி, காதை வச்சுக் கேளுங்க."

பால்வண்ணம் ரோட்டில் முழங்காலிட்டு, சொர்ணத்தம்மாளின் காலருகே தலையை நுழைத்தார். முதலில் இன்ஜின் சத்தம்தான். காது பழகப் பழக, அதற்குள்ளிருந்து இன்னொன்று கேட்டது. டிக், டிக், டிக். சுவர்ப் பல்லியின் அதே குரல். அந்தம்மா பாதம் ஊன்றியிருந்த பிளாஸ்டிக் தகட்டுக்குப் பின்னாலிருந்து.

ரிலே. கரண்ட் ஒழுங்காக வராவிட்டால் ஒட்டியும் விட்டும் அடித்துக்கொள்ளும் சின்னப் பெட்டி. மில்லில் அதைப் போல எத்தனையோ மாற்றியவர் அவர்.

தகட்டைக் கழற்றினார். ரிலேயின் அடியில் ஒரு எர்த் ஒயர் காரின் உடம்போடு போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. போல்ட்டைச் சுற்றித் துரு. ஒயரை விரலால் லேசாக அழுத்தினார். டேஷ்போர்டில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாய் எரிந்தன. முள் உச்சிக்கு ஏறியது. விட்டார். எல்லாம் அணைந்தன. அந்த இடத்தில் யாராவது உட்கார்ந்து காலை ஊன்றினால்தான் ஒயர் அசையும். அவர் தனியாக ஓட்டியபோது எப்படி வரும்?

துருவை உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை இறுக்கினார். பிறகு அதே தண்டவாளத்தின் மேல் போனார்கள், வந்தார்கள். மறுபடி போனார்கள். சொர்ணத்தம்மாள் காலை ஊன்றினார். ஒரு விளக்கும் எரியவில்லை.

தங்கையா வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் கைகளை வைத்தபடி இருந்தார்.

"எனக்கு இடது காது கேக்காது" என்றார். "மழைக்காலத்துல இருந்து சொல்லிட்டிருந்தா, பல்லி பல்லின்னு. அப்போ இனிமே இவ சொல்றதெல்லாம்..."

பால்வண்ணத்துக்கும் அதே கேள்விதான். மாடு இல்லை. தண்ணீர் இல்லை. ஐயா என்று அந்தம்மா சொன்ன அப்பா எப்போதோ செத்துப்போயிருப்பார். பல்லிகூட இல்லை. ஆனால் சத்தம் இருந்தது.

"கால் நனையுது" என்றார் சொர்ணத்தம்மாள்.

தங்கையாவே கதவைத் திறந்து இறங்கினார். காரை மெல்லச் சுற்றி வந்து மனைவியின் பக்கத்துக் கதவைத் திறந்தார். குனியச் சிரமப்பட்டு, குனிந்து, விரிப்பைத் தடவினார். பிறகு சொர்ணத்தம்மாளின் பாதங்களையும் தடவினார்.

"காஞ்சுதான் இருக்கு சொர்ணம்."

சொர்ணத்தம்மாள் அவரை நிதானமாகப் பார்த்தார். "சரி" என்றார்.

ஷெட்டில் பால்வண்ணத்தையும் முப்பிடாதியையும் இறக்கிவிட்டு, கார் மேற்கே திரும்பிப் போனது. பால்வண்ணம் ஸ்பானர்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினார். முப்பிடாதி கை கழுவிக்கொண்டிருந்தார். பால்வண்ணத்துக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஒண்ணு கேக்கணும்மா. அந்தம்மா எத்தனையோ சொன்னாங்க. அதுல பல்லி மட்டும் நிஜம்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

முப்பிடாதி குழாயை மூடினார்.

"தெரியலையே அண்ணாச்சி. தெரியாமத்தான ஒவ்வொரு தடவையும் இறங்கச் சொன்னேன்."