ஓட்டை வலையும் ததேயுவும்

சிப்பித்துறை மீனவர் அணிக்கு அரையிறுதி ஆட்டம், அதுவும் எதிராளி ஊரில். சமனானால்கூட உள்ளூர் அணிதான் இறுதிப் போட்டிக்குப் போகும். ஒரு கோலாவது போட்டே ஆகவேண்டும்.

போட்டார்களே! பந்து வலையின் ஓட்டை வழியே பாய்ந்து, பின்னால் மேய்ந்த ஆட்டை விரட்டியது.

"பந்து வெளியில கிடக்கு, எப்படிடா கோல்?" என்று மைக்கில் உறுமினார் உள்ளூர் கிளப் தலைவர் வீரபெருமாள். "வலைக்குள்ள கிடந்தாத்தான் கோல்! என்ன மாப்ளே, சரிதானே?"

ரெஃப்ரி அவருடைய மச்சினன். "சரி அத்தான்!" என்று கோல் இல்லையென விசிலை ஊதினான்.

இடைவேளையில், எந்தக் குரலையும் அச்சு அசலாகப் பேசும் சிப்பித்துறை மாற்று ஆட்டக்காரன் ததேயு, அடுத்த பாதியில் தாங்கள் கோல் போடவேண்டிய மறுபக்கக் கம்பத்தடியில் நைலான் நூலோடு குந்தினான். அந்த வலையிலும் ஓட்டை.

"அங்க என்னடா பண்றே?"

"ஓட்டையைப் பாத்தா கை நமநமங்குது தலைவரே."

"தையி, தையி! அதுக்குத்தான் நீங்க லாயக்கு."

கடைசி நிமிடத்தில் ததேயுவே இறங்கி உதைத்தான். பந்து வலைக்குள் சுருண்டு கிடந்தது. தலைவர் மைக்கை நழுவவிட்டார். ரெஃப்ரி குனிந்து பந்தையே வெறித்தான். முதுகுக்குப் பின்னால் அதே உறுமல்:

"வலைக்குள்ள கிடந்தாத்தான் கோல்! என்ன மாப்ளே, சரிதானே?"

"சரி அத்தான்!" என்று பழக்கதோஷத்தில் ஊதிவிட்டுத் திரும்பினான். பின்னால் பல்லை இளித்தபடி நின்றது ததேயு.